தோரி வாயில் – 14: 7,663 யென்

சென்ற வாரம் 1945 டிசம்பர் 15-இல் நிறுத்தியிருந்தோம். தோற்றுப்போன ஜப்பானை ஆண்டுகொண்டிருந்த நேசநாட்டுத் தலைமையகம், ஒரே ஆணையில் அரசுக்கும், ஜப்பானின் மரபு வழிபாடான ஷிந்தோவின் ஆலயங்களுக்கும் இருந்த உறவை அறுத்தது. ஆணையை வரைந்தவர் வில்லியம் பன்ஸ். போருக்கு முன் மட்சுயாமா நகரில் ஆங்கிலம் கற்பித்த அமெரிக்கர்.

ஆணை ஆலயங்களை மூடவில்லை. அரசுப் பணமும் அரசு அதிகாரமும் இல்லாமல், மற்ற மதங்களைப் போல மக்களின் நம்பிக்கையை மட்டும் நம்பி வாழச் சொன்னது. 1946 பிப்ரவரி 3-இல் ஆலயங்கள் கூடி ‘ஜிஞ்ஜா ஹொன்ச்சோ’ என்ற தனியார் அமைப்பை நிறுவிக்கொண்டன. 1947 மே 3-இல் புதிய அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 20-ஆம் பிரிவு, அரசு எந்த மதச் செயலிலும் ஈடுபடக் கூடாது என்றது. யாரையும் மதச் சடங்கில் பங்கேற்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் சொன்னது. 89-ஆம் பிரிவு, பொதுப் பணத்தை மத அமைப்புகளுக்குச் செலவிடுவதைத் தடுத்தது.

1952 ஏப்ரல் 28-இல் அந்நிய ஆட்சி முடிந்தது. பன்ஸ் எழுதிய ஆணையும் அன்றே உயிரிழந்தது.

இனி மிஞ்சியவை அந்த இரண்டு பிரிவுகள்தாம். அவை எதைத் தடுக்கின்றன, எதை விட்டுவிடுகின்றன என்று சொல்ல இனி ஜப்பானியர்களே வரவேண்டும்.

அந்த விடையைக் கேட்டு ஒருவர் நீதிமன்றப் படியேற மேலும் 13 ஆண்டுகள் ஆயின. அவரை அங்கே அனுப்பியது போர்நினைவு ஆலயமோ பேரரசரின் அரண்மனையோ அல்ல. ஒரு விளையாட்டரங்கம்.

* * *

1965 ஜனவரி 14. மியே மாகாணத்தின் தலைநகரான த்சு.

ஜப்பானின் ஆலயங்களில் முதன்மையான இசே இதே மாகாணத்தில்தான் இருக்கிறது. சூரிய தேவி அமதெராசு உறையும் அந்த ஆலயத்தின் நிழலில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊர் த்சு. அங்கே நகராட்சி ஓர் உள்விளையாட்டரங்கம் கட்டத் தீர்மானித்து, அன்று அடிக்கல் நாட்டு விழா வைத்திருந்தது.

நாட்டுக்கே அது கட்டுமானக் காலம். மூன்று மாதங்களுக்கு முன்தான் டோக்கியோ ஒலிம்பிக் முடிந்திருந்தது. புல்லட் ரயில் ஓடத் தொடங்கி நான்காவது மாதம். எங்கு பார்த்தாலும் சாலை, பாலம், தொழிற்சாலை, பள்ளிக்கூடம். அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒரே சடங்கோடுதான் தொடங்கின. அந்தச் சடங்குக்குப் பெயர் ஜிச்சின்சாய். நிலத்தின் தெய்வத்தைச் சாந்தப்படுத்தி, இந்த மண்ணைத் தோண்ட அனுமதி கேட்கும் வழிபாடு. நம் வாசகர்களுக்குப் பூமி பூஜை என்றால் போதும், உடனே புரியும்.

மனையில் நான்கு மூலைக்கும் பச்சை மூங்கில் நடுவார்கள். வைக்கோல் புரியில் முறுக்கிய கயிற்றை அவற்றைச் சுற்றிக் கட்டி, வெள்ளைக் காகித மடிப்புகளைத் தொங்கவிடுவார்கள். கயிற்றுக்கு உள்ளே இருப்பது இனி வெறும் மனை அல்ல. நடுவில் சகாகி மரக்கிளை ஒன்றை நிறுத்துவார்கள். தெய்வம் இறங்கி வந்து தங்கும் இடம் அது. அதன் முன் அரிசி, சாகே மது, உப்பு, நீர், மீன், காய்கறி, கனி.

த்சுவில் அன்று சடங்கை நடத்த வந்தவர்கள் ஓஇச்சி ஆலயத்தின் தலைமைப் பூசகரும் மூன்று துணைப் பூசகர்களும். முறைக்குரிய உடை, முறைக்குரிய கருவிகள். நகராட்சி ஊழியர் ஒருவர் நிகழ்ச்சியை வரிசைப்படுத்தி அறிவித்தார்.

முதலில் வந்தோரைத் தூய்மைப்படுத்தினார்கள். பிறகு தெய்வத்தை இறங்கி வர அழைத்தார்கள். படையல் வைத்தார்கள். பூசகர் பழைய ஜப்பானிய நடையில் ‘நோரிதோ’ எனும் வேண்டுதலை ஓதினார். மனையின் தீட்டு கழிக்கப்பட்டது. புல்லை அரிவாளால் அரிவதும் மண்ணில் மண்வெட்டியை இறக்குவதுமான சடங்குகள் நடந்தன. சகாகிக் கிளைகள் காணிக்கையாக வைக்கப்பட்டன. படையலை எடுத்தார்கள். இறுதியில், வந்த தெய்வத்தைத் திரும்ப வழியனுப்பினார்கள்.

விழாவுக்கு அழைக்கப்பட்டிருந்தவர்களில் ஒருவர் நகர்மன்ற உறுப்பினர் செகிகுச்சி செய்இச்சி. ஜப்பான் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்.

சடங்கை அவர் பார்த்தார். பிறகு கணக்கைப் பார்த்தார். பூசகர்களுக்குச் சன்மானம் 4,000 யென். படையல் பொருட்களுக்கு 3,663 யென். ஆக மொத்தம் 7,663 யென், நகராட்சியின் பொது நிதியிலிருந்து. அன்றைய நாணய மாற்று விகிதத்தில் சுமார் 21 அமெரிக்க டாலர்.

அந்தப் பணத்தை மேயர் தம் கையிலிருந்து நகராட்சிக்குத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று செகிகுச்சி வழக்குத் தொடுத்தார்.

* * *

ஊரில் பலருக்கு இது விளங்கியிருக்காது. அவர்கள் பக்கத்தையும் நாம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

ஜப்பானியக் குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆனதும் பாட்டி அதைத் தூக்கிக்கொண்டு ஊர்த் தெய்வத்தின் ஆலயத்துக்குப் போகிறார். மூன்று, ஐந்து, ஏழு வயதுகளில் நவம்பர் மாதம் புத்தாடை உடுத்தி மறுபடி ஆலயம். தேர்வுக்கு முன் மரப்பலகையில் வேண்டுதல் எழுதித் தொங்கவிடுகிறார்கள். ஆண்களுக்கு 42, பெண்களுக்கு 33 கண்டமான வயது என்பதால் அப்போது ஒரு கழிப்பு. புத்தாண்டின் முதல் மூன்று நாட்களில் டோக்கியோவின் மெய்ஜி ஆலயத்துக்கு மட்டும் சுமார் 30 லட்சம் பேர் வருகிறார்கள். இறந்தால் மட்டும் பெரும்பாலோருக்குப் பௌத்த பிக்குதான்.

ஆண்டுதோறும் அரசு வெளியிடும் மதக் கணக்கில் ஷிந்தோவைச் சேர்ந்தவர்களையும் பௌத்தத்தைச் சேர்ந்தவர்களையும் கூட்டினால் நாட்டின் மக்கள்தொகையைத் தாண்டிவிடும். ஆனால் அதே மக்களிடம் போய் உங்களுக்கு மதம் உண்டா என்று கேட்டால், பெரும்பாலோர் இல்லை என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கைகொட்டி வணங்குவது அவர்களுக்கு வாழ்க்கையின் ஒரு பகுதி. அதைத் தனியே எடுத்து ஒரு பெயர் சூட்ட வேண்டிய தேவை அவர்களுக்கு வந்ததில்லை.

கட்டடத் தொழிலாளர்களுக்கோ காரணம் இன்னும் நெருக்கமானது. சாரத்தின் உச்சியில் நிற்பவன் அவன். சடங்கு செய்யாத மனையில் விபத்து நேர்ந்தால் அது அவன் தலையில்தான் விழும். ஜிச்சின்சாய் இல்லாமல் வேலையைத் தொடங்கத் தச்சர்கள் தயங்குவார்கள். அந்த அச்சத்தை நான் சிறிதும் இளக்காரமாக நினைக்கவில்லை. உயிரைப் பணயம் வைக்கும் தொழிலில் எல்லா நாட்டிலும் இப்படி ஒரு வணக்கம் இருக்கிறது.

1967 மார்ச்சில் த்சு மாவட்ட நீதிமன்றமும் ஏறக்குறைய இப்படித்தான் பார்த்தது. வடிவம் ஷிந்தோவினுடையதாக இருக்கலாம், ஆனால் இன்று இது ஊர் வழக்கம், மதப் பரப்பல் அல்ல என்று சொல்லி வழக்கைத் தள்ளியது.

ஊர் வழக்கம், மதம் அல்ல.

இந்த வாதத்தை இதே நாடு இதற்கு முன் ஒருமுறை கேட்டிருக்கிறது. அங்கேதான் இந்த வழக்கின் உயிர்முடிச்சு இருக்கிறது.

* * *

தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். 1889-ஆம் ஆண்டின் மெய்ஜி அரசியல் சட்டம் மதச் சுதந்திரத்தை, வரம்புகளோடு என்றாலும், ஏற்றுக்கொண்டது. அப்படியானால் எல்லாக் குடிமக்களையும் ஆலயத்தின் முன் தலைவணங்க வைப்பது எப்படி? அரசு கண்டுபிடித்த வழி எளிது. ஆலய வழிபாடு மதமே அல்ல, அது தேசத்தின் மரியாதைச் சடங்கு என்று அறிவித்துவிட்டது.

1882-இலேயே அரசு ஆலயங்களின் பூசகர்கள் மதபோதனை செய்வதையும் ஈமச்சடங்கு நடத்துவதையும் விலக்கினார்கள். 1900-இல் உள்துறை அமைச்சகத்தில் ஆலயங்களுக்கு ஓர் அலுவலகம், மதங்களுக்கு வேறோர் அலுவலகம் என்று பிரித்தார்கள். காகிதத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. மதம் அல்லாத ஒன்றை எல்லோரும் செய்யலாம் என்றால், எல்லோரும் செய்தே ஆகவேண்டும் என்று சொல்வதற்கும் தடை இல்லை.

1932 மே மாதம் டோக்கியோவின் சோஃபியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கத்தோலிக்க மாணவர்கள் சிலர், போரில் இறந்தோரை வணங்கும் யாசுகுனி ஆலயத்தில் வணங்க மறுத்தார்கள். இராணுவம் பல்கலைக்கழகத்தை மிரட்டியது. கல்வி அமைச்சகம், அந்த வணக்கம் நாட்டுப்பற்றையும் விசுவாசத்தையும் காட்டுவது மட்டுமே என்று விளக்கம் எழுதிக் கொடுத்தது. 1936-இல் ரோமாபுரியும் அதை ஏற்று, கத்தோலிக்கர்கள் வணங்கலாம் என்றது.

1935 டிசம்பரில் ஓமோதோ என்ற புதிய மதத்தின் தலைமையிடங்களைக் காவல்துறை சுற்றி வளைத்தது. ஓமோதோவும் ஷிந்தோவின் வேரிலிருந்தே முளைத்த மதம். அடுத்த ஆண்டு அதன் கட்டடங்கள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன.

1943 ஜூலையில் மகிகுச்சி சுனெசபுரோ என்ற முதிய கல்வியாளர் கைதானார். சோகா கியோஇகு கக்காய் என்ற பௌத்த இயக்கத்தின் தலைவர். இசே ஆலயத்திலிருந்து வீடுதோறும் வந்த புனிதத் தகட்டை வணங்கி ஏற்க மறுத்தவர். 1944 நவம்பர் 18-இல் சிறையிலேயே இறந்தார்.

மதம் அல்ல என்று அரசு சொன்ன ஒன்றை ஏற்க மறுத்ததற்காக மனிதர்கள் செத்திருக்கிறார்கள். அந்தச் சாவுக்கும் த்சு நகரின் அடிக்கல் விழாவுக்கும் நடுவே சுமார் 20 ஆண்டுகள்தான்.

* * *

1969-இல் நாடாளுமன்றத்துக்கு ஒரு மசோதா வந்தது. ஆளும் லிபரல் ஜனநாயகக் கட்சி கொண்டுவந்தது. 1946-இல் தனியார் மத அமைப்பாக மாறிவிட்ட யாசுகுனி ஆலயத்தை மறுபடி அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்வது அதன் நோக்கம். 20-ஆம் பிரிவு தடுக்காதா? அதற்கும் மசோதா வழி வைத்திருந்தது. யாசுகுனி இனி மத அமைப்பாகக் கருதப்படாது.

பழைய வாதம் அப்படியே திரும்பி வந்திருந்தது. போரில் மகனை இழந்த குடும்பங்களின் அமைப்பு மசோதாவுக்கு ஆதரவாகத் திரண்டது. கிறிஸ்தவர்களும் பௌத்தப் பிரிவுகள் பலவும் எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். மசோதா வீழ்ந்தது, மறுபடி வந்தது, மறுபடி வீழ்ந்தது. 1974-இல் கீழவையில் நிறைவேறியும், மேலவையில் மாண்டது.

இந்த ஆரவாரத்துக்கு நடுவேதான் செகிகுச்சியின் மேல்முறையீடு நகோயா உயர் நீதிமன்றத்தில் நடந்தது. ஓர் அரங்கத்தின் படையல் செலவு, நாடே கவனிக்கும் வழக்காகியிருந்தது. நகராட்சியின் ஜிச்சின்சாய் மதம் இல்லை என்றால், நாளை யாசுகுனியும் மதம் இல்லை என்று சொல்ல எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்?

1971 மே 14-இல் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் மூன்று கேள்விகளை வைத்துச் சடங்கை எடைபோட்டார்கள். நடத்துபவர் மதப் பணியாளரா? முறை ஒரு மதம் வகுத்த முறையா? யாருக்கும் உறுத்தாமல் எல்லோரும் ஏற்கும் அளவுக்குப் பொதுவாகிவிட்டதா? ஷிந்தோ பூசகர்கள், ஷிந்தோ வகுத்த முறையில், தெய்வத்தை அழைத்து வழிபட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவானது என்று சொல்லவும் முடியாது. எனவே இது மதச் செயல். நகராட்சி செய்தது அரசியல் சட்டத்துக்கு விரோதம்.

மேயர் 7,663 யென்னைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

மேயர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

* * *

1977 ஜூலை 13. டோக்கியோ. உச்ச நீதிமன்றத்தின் 15 நீதிபதிகளும் சேர்ந்த முழு அமர்வு. நடுநாயகமாகத் தலைமை நீதிபதி ஃபுஜிபயாஷி எகிசோ.

போருக்குப் பிந்தைய அரசியல் சட்டத்தின் கீழ் மதத்தையும் அரசையும் பிரிக்கும் கோடு எங்கே என்று உச்ச நீதிமன்றம் முழுமையாகப் பேசியது அன்றுதான். நாம் சற்று நின்று கேட்க வேண்டிய இடம் இது.

பெரும்பான்மை 10 பேர். அவர்கள் சொன்னதன் சாரம் இது. அரசையும் மதத்தையும் முற்றாகப் பிரிப்பது இலட்சியம், ஆனால் நடைமுறையில் ஏறத்தாழ இயலாதது. கத்தோலிக்கப் பள்ளிக்கும் அரசு மானியம் தருகிறது. பழம்பெரும் பௌத்தக் கோயில்களைப் பாதுகாக்கப் பணம் தருகிறது. சிறைக்குள் கைதிகளைத் தேற்ற மதபோதகர்களை அனுமதிக்கிறது. இவற்றையெல்லாம் நிறுத்தினால் அதுவே மதத்தவர்களுக்கு அநீதியாகும்.

ஆகவே அரசின் செயல் மதத்தைத் தொட்டதா என்று கேட்பது போதாது. அதன் நோக்கம் மதம் சார்ந்ததா, அதன் விளைவு ஒரு மதத்தை வளர்க்கவோ நசுக்கவோ செய்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு அளவுகோல், சாதாரண மக்களின் பொது எண்ணம்.

பிறகு அந்த அளவுகோலை மூங்கில்களின் நடுவே வைத்தார்கள். ஜிச்சின்சாய்க்கு மதத் தொடர்பு இருப்பதை மறுக்கவில்லை. ஆனால் பொதுமக்களுக்கும் அதை ஏற்பாடு செய்த அதிகாரிகளுக்கும் அது மதப் பொருள் அதிகமில்லாத வழக்கம். கட்டடத் தொழிலாளர்கள் பாதுகாப்புக்காக அதை விரும்பிக் கேட்கிறார்கள். ஜப்பானியர்கள் சமூகத்தின் உறுப்பினராக ஷிந்தோவையும் தனிமனிதராகப் பௌத்தத்தையும் ஒரே நேரத்தில் ஏற்பவர்கள். ஷிந்தோவும் ஊர் ஊராய்ப் போய் ஆள் சேர்க்கும் மதம் அல்ல. இந்தச் சடங்கால் யாருடைய நம்பிக்கையும் கூடவுமில்லை, குறையவுமில்லை.

மேயர் பணம் கட்ட வேண்டியதில்லை.

* * *

ஐந்து பேர் உடன்படவில்லை. யோஷிதா யுதாகா, குற்றவியல் சட்டப் பேரறிஞர் தான்தோ ஷிகெமித்சு, ஹத்தோரி தகாஅகி, தமாகி ஷோஇச்சி. ஐந்தாமவர், தலைமை நீதிபதி.

அந்த ஐவரும் வரலாற்றிலிருந்து தொடங்கினார்கள். ஆலயம் மதம் அல்ல என்ற பெயரில் போருக்கு முன் யாரெல்லாம் ஒடுக்கப்பட்டார்கள் என்பதை மாறுபட்ட தீர்ப்பு எடுத்துக் காட்டியது. 20-ஆம் பிரிவு பிறந்தது அந்தக் காயத்திலிருந்து. அதை ‘நோக்கம், விளைவு’ என்று நெகிழ்த்திப் படித்தால், எந்த ஆபத்தைத் தடுக்க அது எழுதப்பட்டதோ அதற்கே வழி திறந்துவிடும். த்சுவில் நடந்தது தெளிவான ஷிந்தோ வழிபாடு. தொகை சிறியது என்பதால் தன்மை மாறாது.

இதோடு நிறுத்தாமல் ஃபுஜிபயாஷி தனியாகவும் எழுதினார். அவர் ஏன் எழுதினார் என்பதை அறிய நாம் 1891 ஜனவரி 9-க்குப் போகவேண்டும்.

அன்று டோக்கியோவின் முதல் உயர்நிலைக் கல்லூரியில், பேரரசர் கையொப்பமிட்ட கல்வி ஆணையின் முன் ஆசிரியர்கள் ஒவ்வொருவராகப் போய்த் தலைவணங்கினார்கள். உச்சிமுரா கான்சோ என்ற இளம் ஆசிரியரின் முறை வந்தது. கிறிஸ்தவர். தலையை இலேசாகச் சாய்த்தார். மற்றவர்கள் குனிந்த அளவுக்குக் குனியவில்லை. நாடெங்கும் எழுந்த கூச்சலில் வேலையை இழந்தார். பின்னாளில் அவர் தொடங்கியதுதான் ‘முக்யோகாய்’. மாதா கோயிலும் பாதிரியும் திருச்சபையும் இல்லாமல், வேதத்தை மட்டும் கூடிப் படிக்கும் கிறிஸ்தவம்.

அவருடைய மாணவர்களில் ஒருவர் யானாய்ஹரா தாதாவோ, டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகப் பேராசிரியர். சீனப் போர் தொடங்கிய 1937-இல், நாட்டின் போக்கைக் கண்டித்ததற்காகப் பதவியைவிட்டு வெளியேற்றப்பட்டவர். போருக்குப் பின் திரும்பி வந்து அதே பல்கலைக்கழகத்தின் தலைவரானவர்.

ஃபுஜிபயாஷியும் முக்யோகாய் வழியில் வந்தவர். தனிக் கருத்துரையில் யானாய்ஹராவின் எழுத்தை ஆதாரமாகக் காட்டினார். மரியாதைச் சடங்கு என்று சொல்லி வணங்க வைத்த நாட்டில், அந்த வணக்கத்தில் இடறிய ஆசிரியரின் வழிவந்தவர், 86 ஆண்டுகளுக்குப் பின் நாட்டின் தலைமை நீதிபதி இருக்கையில் இருந்தபடி அதே வாதத்துக்கு விடை எழுதினார்.

அவர் சொன்னவற்றுள் இரண்டு எனக்கு மிக முக்கியமாகப் படுகின்றன.

ஒன்று. கட்டடம் கட்டும் மனிதன் தன் திறமையும் கருவியும் போதாது என்று உணரும் தருணத்தில்தான் தெய்வத்தை அழைக்கிறான். மனித சக்திக்கு அப்பாற்பட்ட ஒன்றை நாடுவது மதம் இல்லை என்றால் வேறு எதுதான் மதம்? தச்சர்கள் விரும்பிக் கேட்கிறார்கள் என்ற பெரும்பான்மையின் காரணத்தை அவர் அப்படியே திருப்பி வைத்தார். சாரத்தின் மேல் நிற்பவனின் நடுக்கத்தை அவர் பத்துப் பேரைவிட மதித்தார் என்றே நான் சொல்வேன். அதை வெறும் பழக்கம் என்று அவர் சுருக்கவில்லை.

இரண்டு. ஒரு சிலருக்கு மட்டுமே இது உறுத்துகிறது, அவர்கள் அளவுக்கு மீறிக் கூசுகிறார்கள் என்று தோன்றலாம். ஆனாலும் அந்தச் சிலரின் மனச்சான்றைப் பெரும்பான்மை வாக்கால் மீற முடியாது. இங்கே இருப்பது மனத்தின் சுதந்திரம். பணத்தின் அளவு அல்ல.

அடுத்த மாதம் அவருக்கு 70 வயது நிறைந்தது. விதிப்படி ஓய்வு பெற்றார்.

* * *

10-க்கு 5. சட்டம் எண்ணிக்கையால் முடிவானது. நகராட்சிகளும் மாகாணங்களும் நிம்மதி அடைந்தன. செகிகுச்சியின் வழக்கு பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் தோற்றது.

என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊர் மக்களின் உள்ளத்தைப் பெரும்பான்மை சரியாகவே வரைந்தது. அவர்கள் சொன்ன ஜப்பான் உண்மையான ஜப்பான்தான். அங்கே பாட்டியும் பேரக்குழந்தையும் மரப்பலகை வேண்டுதலும் இருக்கின்றன. ஆனால் அரசின் நினைவை ஐவரே சரியாக வைத்திருந்தார்கள். ஒரு வணக்கம் எவ்வளவு இயல்பானதோ, அதை மறுப்பவன் அவ்வளவு தனியாகிப் போகிறான். மகிகுச்சியின் சிறைச் சுவர் அந்த இயல்பினால்தான் கட்டப்பட்டது. அந்த ஒருவனுக்காக எழுதப்பட்ட பிரிவை, மற்ற எல்லோருடைய பொது எண்ணத்தால் அளந்தது தவறு.

தீர்ப்பு கொடுத்த அளவுகோல் பின்னாளில் வேறு விதமாகவும் வளைந்தது. எஹிமே மாகாண அரசு யாசுகுனிக்கும் உள்ளூர்ப் போர்நினைவு ஆலயத்துக்கும் தந்த காணிக்கை மொத்தம் 1,66,000 யென். 1997 ஏப்ரல் 2-இல் அதே உச்ச நீதிமன்றம் அதே அளவுகோலை வைத்து, அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 13-க்கு 2 எனச் சொன்னது. அந்தக் கதைக்குப் பின்னர் வருவோம்.

அதற்குள் வேறொன்று நடந்தது.

1989 ஜனவரி 7 காலை, பேரரசர் ஹிரோஹிதோ காலமானார். தம்மை வாழும் தெய்வம் என்று கொள்வது பொய்க் கருத்து என 1946 புத்தாண்டு நாளில் அறிவித்தவர். பிப்ரவரி 24 அன்று டோக்கியோவின் ஷிஞ்ஜுகு பூங்காவில் இறுதிச் சடங்கு. முதல் பாதி அரச குடும்பத்தின் ஷிந்தோ சடங்கு. இரண்டாம் பாதி அரசின் விழா. இரண்டுக்கும் நடுவே, உலகத் தலைவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஊழியர்கள் வந்து, ஷிந்தோ ஆலயத்தின் அடையாளமான தோரி வாயிலைக் கழற்றி அப்பால் கொண்டுபோனார்கள். மதம் முடிந்தது, அரசு தொடங்குகிறது என்று காட்ட ஒரு மரவாயிலை அகற்ற வேண்டியிருந்தது.

இறுதிச் சடங்கை அப்படிச் சமாளித்தார்கள். அடுத்து வரவிருந்ததைச் சமாளிப்பது அவ்வளவு எளிதல்ல.

புதிய பேரரசர் அரியணை ஏறிய பின் நடக்க வேண்டியது தாய்ஜோசாய். இரவு முழுவதும் நீளும் வழிபாடு. அதற்கென்றே புதிதாக எழுப்பும் மண்டபங்களில், வெளியார் கண் படாமல், பேரரசர் அந்த ஆண்டின் புது அரிசியைத் தெய்வத்துக்குப் படைத்துத் தாமும் உண்ணும் சடங்கு. 1947-இன் புதிய அரச குடும்பச் சட்டத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. செலவோ கோடிக்கணக்கான யென்னில்.

த்சு நகரின் மூங்கில்களின் நடுவே வைத்த அளவுகோலைப் பேரரசரின் மண்டபத்துக்குள் கொண்டுபோக முடியுமா? தாய்ஜோசாயை ஊர் வழக்கம் என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? மதம் என்று ஒப்புக்கொண்டால், அரசு எந்தப் பையிலிருந்து பணம் எடுக்கும்?

(அடுத்த வாரம்: 1990 நவம்பர்)